வாசகர் கேள்வி – பதில்: மூச்சுக்காற்றின் பாரம் யார்மேல் விழுகிறது?

சென்ற இதழின் பதில் ஒன்றில், "காற்று மாசு எல்லோரையும் பாதிக்கிறது, ஆனால் எல்லோரையும் சமமாகப் பாதிப்பதில்லை" என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றி மட்டுமே கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. சிலர் மறுத்திருந்தார்கள், சிலர் சான்று கேட்டிருந்தார்கள், ஒரு தாய் தம் மகனின் இரவுகளைப் பற்றி எழுதியிருந்தார். ஆகவே இம்முறை வேறு பொருள் எதையும் தொடாமல், இப்பகுதி முழுவதையும் அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: காற்றுக்கு வேலி கிடையாது. செல்வந்தரும் கூலித் தொழிலாளியும் ஒரே நகரத்தின் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். அப்படியிருக்க, பாதிப்பு மட்டும் எப்படி வேறுபடும்? – ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: நகரத்தின் காற்றுத் தரம் என்று செய்திகளில் ஒரே ஓர் எண்ணைச் சொல்லிக் கேட்டுப் பழகியதால் எழும் ஐயம் இது. அந்த எண் ஒரு சராசரி; சராசரிக் காற்றை எவரும் சுவாசிப்பதில்லை. போக்குவரத்து மிகுந்த சாலையின் ஓரத்தில் நைட்ரஜன் டை ஆக்சைடும், டீசல் புகையின் கரித்துகளும், கண்ணுக்கே புலப்படாத மிக நுண்ணிய துகள்களும் செறிந்து நிற்கும். சாலையிலிருந்து சில நூறு மீட்டர் விலகிப் போனால் அந்தச் செறிவு வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே தெருவின் இந்த முனையில் குடியிருப்பவரும் அந்த முனையில் குடியிருப்பவரும் ஒரே காற்றைச் சுவாசிப்பதில்லை. தெற்குக் கலிஃபோர்னியாவில் பள்ளிப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்த ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட முடிவு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. விரைவுச் சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சி, 1,500 மீட்டருக்கு அப்பால் வளர்ந்த பிள்ளைகளின் வளர்ச்சியைக் காட்டிலும் குறைந்திருந்தது.

சாலையை ஒட்டிய வீட்டுக்கு வாடகை குறைவு. அங்கே யார் குடியேறுவார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. வீட்டோடு இது முடிவதும் இல்லை. குளிரூட்டிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எட்டு மணி நேரம் வேலை செய்பவரையும், அதே எட்டு மணி நேரம் சாலையைப் பெருக்குபவரையும், சூளையில் நெருப்புக்கு அருகே நிற்பவரையும், லாரி ஓட்டுபவரையும் எண்ணிப் பாருங்கள். உடலுழைப்பு கூடக் கூட மூச்சின் வேகமும் ஆழமும் கூடும் என்பதால், ஒரே காற்றில் நின்றாலும் சுமை தூக்குபவரின் நுரையீரலுக்குள் போகும் நச்சு, நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் நுரையீரலுக்குள் போவதைவிடப் பல மடங்கு மிகுதியாக இருக்கும்.

இவை எல்லாம் உள்ளே போகும் அளவைப் பற்றியவை. அதே அளவு உள்ளே போனாலும், அது செய்யும் கேடு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பி.எம். 2.5 என்று சொல்லப்படும் நுண்துகள், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கிலும் தொண்டையிலும் உள்ள மயிரும் சளியும் பெரிய தூசியைத் தடுத்துவிடும். இந்தத் துகளை அவற்றால் தடுக்க முடியாது. அது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ப் படிந்து அழற்சியை உண்டாக்குகிறது. அந்த அழற்சி இரத்த ஓட்டத்தின் வழியே உடல் முழுவதையும் தாக்குகிறது. காற்று மாசினால் ஏற்படும் இறப்புகளில் பெரும்பங்கு மாரடைப்பும் பக்கவாதமுமாக இருப்பதற்குக் காரணம் இதுவே. ஏற்கெனவே சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் சரியாகக் கவனிக்கப்படாத உடல், போதிய ஊட்டமில்லாமல் வளர்ந்த உடல், ஓய்வே அறியாத உடல் ஆகியவற்றில் இந்த அழற்சி இறங்கும்போது விளைவு கடுமையாகிறது. நோய் வந்த பிறகு, வேலையிலிருந்து விடுப்பு எடுக்க முடிகிறதா, மருத்துவரிடம் உரிய நேரத்தில் போக முடிகிறதா என்பதிலும் இதே ஏற்றத்தாழ்வுதான். இடமும் தொழிலும் உடலும் மருத்துவமும் ஒன்றோடொன்று பெருகிக்கொண்டே போகின்றன என்பதுதான் சென்ற இதழில் நான் எழுதிய வரியின் பொருள்.

கேள்வி: ஏழைகளுக்கு நோய் மிகுதி என்பது எல்லோரும் அறிந்ததே. புகைப்பழக்கம், உணவுக் குறைபாடு, கடின உழைப்பு என்று எத்தனையோ காரணங்கள் இருக்க, பழியைக் காற்றின்மேல் போடுவதற்கு என்ன ஆதாரம்? – புள்ளியியல் பயிலும் மாணவி ஒருவர்

பதில்: இந்த ஐயத்தை எழுப்பாமல் இந்தத் துறையில் ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. ஆய்வாளர்களும் இதைத்தான் முதலில் கேட்டுக்கொண்டார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஆறு நகரங்களில் 8,111 பேரைத் தேர்ந்து, அவர்களின் வயது, புகைப்பழக்கம், கல்வி, உடல் எடை, தொழில் ஆகியவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு, 14 முதல் 16 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். 1993-இல் வெளிவந்த முடிவின்படி, அந்தக் காரணங்களையெல்லாம் கணக்கில் கழித்த பிறகும், மிகவும் மாசுபட்ட நகரமான ஸ்டூபன்வில்லில் வாழ்ந்தவர்களின் இறப்பு விகிதம், மிகத் தூய்மையான போர்ட்டேஜில் வாழ்ந்தவர்களுடையதைவிட 26 சதவீதம் கூடுதலாக இருந்தது.

இருந்தாலும், "கணக்கில் கழிக்கப்படாத வேறு ஏதோ ஒன்று இருக்கலாமே" என்று தாங்கள் கேட்கக்கூடும். மக்களும் உணவும் பழக்கமும் அப்படியே இருக்க, காற்று மட்டும் மாறிய நேர்வுகள் உண்டா என்று தேட வேண்டும். அப்படி இரண்டு நேர்வுகள் எனக்கு மிகவும் பிடித்தமானவை. வகுப்பில் பாடமாகவே வைக்கத் தகுந்தவை.

முதலாவது, யூட்டா மாநிலப் பள்ளத்தாக்கு ஒன்றில் இருந்த உருக்காலை பற்றியது. தொழிலாளர் தகராறு காரணமாக 1986 ஆகஸ்டில் மூடப்பட்ட அந்த ஆலை, 1987 செப்டம்பரில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஆர்டன் போப் என்ற பொருளியல் பேராசிரியர் அப்பகுதி மருத்துவமனைகளின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார். ஆலை இயங்கிய குளிர்காலங்களில் மூச்சுக்குழாய் அழற்சிக்காகவும் ஆஸ்துமாவுக்காகவும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை, ஆலை மூடிக்கிடந்த குளிர்காலத்தில் சேர்க்கப்பட்டவர்களைப்போல் இரண்டு, மூன்று மடங்காக இருந்தது. பள்ளத்தாக்கும் குடும்பங்களும் அவையேதாம். புகைபோக்கி மட்டுமே ஓர் ஆண்டு ஓய்ந்திருந்தது.

இரண்டாவது, சுங்கச்சாவடிகள் பற்றியது. வண்டிகள் வரிசையில் நின்று, உறுமி, நகர்ந்து, மீண்டும் நின்று, பிறகு வேகம் எடுக்கும் இடம் சுங்கச்சாவடி. நியூஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் நிற்காமலே கட்டணம் செலுத்தும் மின்னணு முறை வந்தபோது, அச்சாவடிகளைச் சுற்றி இந்தப் புகை குறைந்தது. சாவடிக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் குடியிருந்த தாய்மார்களையும், அதே சாலைகளை ஒட்டிச் சற்றுத் தள்ளிக் குடியிருந்த தாய்மார்களையும் ஜேனட் கரி, ரீட் வாக்கர் என்ற இரு பொருளியலாளர்கள் ஒப்பிட்டார்கள். அருகில் குடியிருந்தவர்களிடையே குறைமாதப் பிரசவம் 10.8 சதவீதமும், எடை குறைந்த குழந்தைகள் பிறப்பது 11.8 சதவீதமும் குறைந்திருந்ததை 2011-இல் அவர்கள் வெளியிட்டார்கள். தாய்மாரின் நலம் கருதி அந்த முறையை எவரும் கொண்டுவரவில்லை. பயண நேரத்தை மிச்சப்படுத்தவே கொண்டுவந்தார்கள். பிறவாத குழந்தையின் எடைவரை அதன் பயன் போய்ச் சேர்ந்தது என்றால், சாவடிக்குப் பக்கத்தில் அத்தனை ஆண்டுகள் பிறந்த குழந்தைகள் எதை இழந்து பிறந்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்க மனம் கனக்கிறது.

ஏற்றத்தாழ்வுக்கு நேரடியான சான்று வேண்டுமென்றால், 2017-இல் வெளிவந்த ஆய்வைப் பாருங்கள். 65 வயதைக் கடந்த ஆறு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் 2000 முதல் 2012 வரையிலான பதிவுகளை அது ஆராய்ந்தது. ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 2.5 துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது இறப்பு விகிதம் 7.3 சதவீதம் கூடியது. கறுப்பின மக்களிடையே இந்தக் கூடுதல் பொது மக்கள்தொகையில் காணப்பட்டதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. வறியவர்களுக்கான அரசு மருத்துவ உதவிக்குத் தகுதி பெற்றவர்களிடையேயும் அது மிகுதியாகவே இருந்தது.

கேள்வி: "சூழல் நீதி" என்ற சொல் எப்போது, எங்கே பிறந்தது? – வாசகர் ஒருவர்

பதில்: ஒரு குப்பைக் கிடங்குக்கு எதிரான வழக்கிலும், ஒரு மறியலிலும் பிறந்தது என்று சொல்லலாம். 1979-இல் டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில், கறுப்பின நடுத்தரக் குடும்பங்கள் வாழ்ந்த பகுதிக்குள் குப்பைக் கிடங்கு ஒன்றை அமைக்க முற்பட்டபோது, லிண்டா மெக்கீவர் புல்லார்டு என்ற வழக்கறிஞர் குடியிருப்பாளர்களின் சார்பில் வழக்குத் தொடுத்தார். வழக்குக்குத் தரவு திரட்டும் பொறுப்பு, சமூகவியல் ஆசிரியரான அவருடைய கணவர் ராபர்ட் புல்லார்டைச் சேர்ந்தது. நகராட்சிக்குச் சொந்தமான ஐந்து குப்பைக் கிடங்குகளில் ஐந்துமே, எட்டு எரியுலைகளில் ஆறும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் இருப்பதை அவர் கண்டறிந்தார். நகரின் மக்கள்தொகையில் அவர்கள் கால் பங்கே இருந்தார்கள். வழக்கு வெற்றி பெறவில்லை; ஆனால் அந்தக் கணக்கெடுப்பு ஒரு துறையையே தொடங்கி வைத்தது.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1982-இல், வட கரோலினாவின் வாரன் மாவட்டத்தில் மறியல் நடந்தது. பி.சி.பி. என்ற நச்சு கலந்த எண்ணெயைச் சிலர் 1978-இல் அம்மாநிலத்தின் சுமார் 240 மைல் நீளச் சாலையோரங்களில் சட்டத்துக்குப் புறம்பாகக் கொட்டிவிட்டார்கள். அந்த மண்ணை அள்ளிப் புதைப்பதற்கு அரசு தேர்ந்தெடுத்த இடம், வறுமையும் கறுப்பின மக்கள்தொகையும் மிகுந்த அந்த மாவட்டம். மண் லாரிகளின் முன்னால் பெண்களும் முதியவர்களும் சாலையில் படுத்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கிடங்கை அவர்களால் தடுக்க முடியவில்லை. ஆனால் 1987-இல் ஒரு திருச்சபை ஆணையம் நாடு முழுவதும் நச்சுக்கழிவு இடங்களை ஆராய்ந்து, அவை எங்கே அமைகின்றன என்பதை வருமானத்தைவிடவும் இனமே உறுதியாகக் காட்டுகிறது என்று அறிவித்ததற்கு அந்த மறியலே தூண்டுதல். 1994-இல் அதிபர் கிளிண்டன், அரசுத் துறைகள் அனைத்தும் இந்த ஏற்றத்தாழ்வைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்த அந்த ஆணை 2025 ஜனவரியில் நீக்கப்பட்டுவிட்டது. சட்டத்தால் வந்தது அன்று, ஆணையால் வந்தது என்பதால் ஒரு கையெழுத்தே அதற்குப் போதுமானதாக இருந்தது. எனக்கு இது மிகுந்த வருத்தம் தரும் செய்தி.

இந்தச் சொல்லுக்குள் இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. கேடு ஒரு சாரார்மேல் மட்டும் குவியக் கூடாது என்பது ஒன்று. தங்கள் மூச்சைப் பாதிக்கும் முடிவு எடுக்கப்படும் அறையில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

கேள்வி: ஆலை முதலில் வந்தது, நிலம் மலிவு என்பதால் மக்கள் பிறகு வந்து குடியேறினார்கள். தெரிந்தே வந்தவர்கள் அநீதி என்று சொல்வது சரியா? – சிறுதொழில் நடத்தும் வாசகர் ஒருவர்

பதில்: சில இடங்களில் வரிசை தாங்கள் சொன்னபடியே இருந்திருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "தெரிந்தே வந்தார்கள்" என்ற சொற்களில் ஒரு பெரிய வரலாறு மறைந்துவிடுகிறது.

இங்கிலாந்தின் பழைய தொழில் நகரங்கள் பலவற்றில் கிழக்குப் பகுதி ஏழைகளுடையதாகவும் மேற்குப் பகுதி வசதி படைத்தவர்களுடையதாகவும் இருப்பதைப் பலரும் கவனித்திருக்கிறார்கள். பொருளியலாளர்கள் சிலர் இதன் காரணத்தைத் தேடி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரைபடங்களில் எழுபது நகரங்களின் புகைபோக்கிகளை ஒவ்வொன்றாகக் குறித்து, அவற்றின் புகை எங்கே போயிருக்கும் என்று கணக்கிட்டார்கள். அந்நாட்டில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது. நிலக்கரிப் புகை கிழக்கே இறங்க, இயன்றவர்கள் மேற்கே போனார்கள், இயலாதவர்கள் தங்கினார்கள். புகைபோக்கிகள் ஓய்ந்து பல பத்தாண்டுகள் கழிந்தும் அந்தப் பிரிவு பல நகரங்களில் அப்படியே இருக்கிறது என்பதுதான் அவர்கள் கண்ட முடிவின் துயரமான பகுதி.

அங்கே பிரித்தது காற்று. அமெரிக்காவிலோ அரசு அலுவலகமே கோடு கிழித்தது. 1930களில் அரசு சார்ந்த வீட்டுக் கடன் நிறுவனம் ஒன்று நகரங்களின் வரைபடங்களை நான்கு நிறங்களால் தீட்டியது. பச்சை என்றால் கடன் கொடுக்கலாம். சிவப்பு என்றால் ஆபத்து. கறுப்பினத்தவரும் குடிபெயர்ந்தோரும் வாழ்ந்த பகுதிகள் சிவப்பாயின. கடன் மறுக்கப்பட்ட பகுதிகளில் நில மதிப்பு விழுந்தது. நில மதிப்பு விழுந்த இடத்தை நோக்கி ஆலையும் விரைவுச் சாலையும் வந்தன. 202 நகரங்களை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும், சிவப்பு தீட்டப்பட்ட பகுதிகளின் காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடும் நுண்துகளும் பச்சைப் பகுதிகளைவிட மிகுதியாக இருப்பதைக் காட்டியது. அப்பகுதியில் இன்று பிறக்கும் குழந்தை எதைத் தெரிந்துகொண்டு வந்து பிறக்கிறது?

இன்னும் ஒரு கணக்கையும் தாங்கள் பார்க்க வேண்டும். புகையை உண்டாக்குவது ஆலை என்றாலும், ஆலை இயங்குவது யாரோ வாங்கும் பொருளுக்காக. யார் வாங்கும் பொருளால் எவ்வளவு மாசு, யார் அதைச் சுவாசிக்கிறார்கள் என்ற இரண்டையும் ஒப்பிட்ட 2019-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, அமெரிக்காவில் வெள்ளையர்கள் தங்கள் நுகர்வால் உண்டாக்கும் நுண்துகள் மாசைவிட 17 சதவீதம் குறைவாகவே சுவாசிக்கிறார்கள் என்றும், கறுப்பினத்தவர் 56 சதவீதமும், இலத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் 63 சதவீதமும் கூடுதலாகச் சுவாசிக்கிறார்கள் என்றும் கண்டது. ஒருவர் வாங்க, மற்றவர் இருமுகிறார் என்றால், யார் முதலில் வந்தார்கள் என்ற கேள்வியால் அந்தக் கடன் தீர்ந்துவிடாது.

கேள்வி: எந்த அளவு வரை காற்று மாசு பாதுகாப்பானது? – வாசகி ஒருவர்

பதில்: பாதுகாப்பான அளவு என்று ஒன்றை இதுவரை எவரும் கண்டதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பி.எம். 2.5 துகளுக்கான தன் வழிகாட்டு அளவை ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. உலக மக்களில் 99 சதவீதத்தினர் அந்நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகளைத் தாண்டிய காற்றையே சுவாசிக்கிறார்கள். "சட்ட வரம்புக்குள் இருக்கிறது" என்ற சொல்லும் "கேடில்லை" என்ற சொல்லும் ஒன்றல்ல என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மேலே சொன்ன 2017 ஆய்வில், அந்நாட்டுச் சட்டம் அப்போது அனுமதித்த 12 மைக்ரோகிராமுக்குக் கீழான அளவிலும் இறப்பு கூடியே இருந்தது.

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. வீடு பெருஞ்சாலையைப் பார்த்தபடி இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு அவன் மூச்சிரைக்க எழுந்து உட்காரும்போது, நெபுலைசர் முகமூடியை அவன் முகத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு, சன்னல் வழியே போகும் லாரிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். வீடு மாற எங்களிடம் வசதி இல்லை. நான் என்ன செய்ய? – ஒரு தாய்

பதில்: அம்மா, தங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இது தங்கள் குறையால் வந்ததன்று.

உடனே செய்யக் கூடியவற்றைச் சொல்கிறேன். மருத்துவர் தினமும் எடுக்கச் சொன்ன தடுப்பு இன்ஹேலர் இருந்தால், இழுப்பு இல்லாத நாட்களிலும் அதை நிறுத்தாதீர்கள். நன்றாக இருக்கிறான் என்று நிறுத்திய பிறகுதான் பல குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்து சேருகிறார்கள். இன்ஹேலரை எப்படிப் பிடிப்பது, எத்தனை நொடி மூச்சை அடக்குவது என்பதை மருத்துவர் முன்னிலையில் ஒருமுறை செய்து காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவன் உறங்கும் இடத்தைச் சாலைக்கு எதிர்ப்புறமுள்ள அறைக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். சாலைப் பக்கச் சன்னலைப் போக்குவரத்து மிகுந்த நேரங்களில் சாத்திவைத்து, குறைந்த நேரங்களில் திறந்துவிடுங்கள். வீட்டுக்குள் எவரும் புகைபிடிக்க வேண்டாம். புகை எழுப்பும் எதையும் அவன் அறையில் ஏற்ற வேண்டாம். பள்ளிக்கு நடந்து போவதென்றால், இரண்டு நிமிடம் கூடுதலானாலும் உள்தெரு வழியே போங்கள். பெருஞ்சாலைக்கும் அதற்கு இணையான உட்தெருவுக்கும் காற்றில் கணிசமான வேறுபாடு உண்டு. பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்கினாலோ ஒரு நொடியும் காத்திராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

இலண்டனின் லூவிஷம் பகுதியில், ஓயாத போக்குவரத்துள்ள தெற்குச் சுற்றுச்சாலையிலிருந்து 25 மீட்டர் தொலைவில் எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி வாழ்ந்தாள். கடுமையான ஆஸ்துமாவுக்காக ஏறத்தாழ முப்பது முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 2013 பிப்ரவரியில் ஒன்பது வயதில் இறந்தாள். முதல் விசாரணை காற்றைப் பற்றிப் பேசவே இல்லை. அவளுடைய தாய் விடாமல் போராடியதால் விசாரணை மீண்டும் நடந்து, 2020 டிசம்பரில் இறப்பு விசாரணை அதிகாரி, காற்று மாசின் தாக்கத்தையும் அவளது இறப்புக்கான காரணங்களில் ஒன்றாகப் பதிந்தார். அந்நாட்டில் அப்படிப் பதியப்பட்ட முதல் இறப்பு அது. அவர் குறிப்பிட்ட இன்னொன்றைத் தங்களுக்காகவே எடுத்துச் சொல்கிறேன்: காற்று மாசுக்கும் ஆஸ்துமாவுக்கும் உள்ள தொடர்பை அந்தத் தாய்க்கு எவரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவர் அதற்கேற்ற நடவடிக்கை எடுத்திருப்பார். ஆகவே தாங்கள் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, வீடு சாலையிலிருந்து எத்தனை மீட்டர், எந்த நேரத்தில் இழுப்பு வருகிறது என்பதைச் சொல்லி, நோயாளிக் குறிப்பில் அதை எழுதும்படி கேளுங்கள். அது தங்கள் உரிமை.

கேள்வி: வீட்டுக்குள் உண்டாகும் அடுப்புப் புகையும் இதில் சேருமா? – வாசகி ஒருவர்

பதில்: கட்டாயம் சேரும். விறகு, கரி, சாணம் போன்றவற்றை எரித்துச் சமைப்பவர்கள் உலகில் இன்றும் இருநூறு கோடிக்கு மேல். வீட்டுக்குள் உண்டாகும் புகையால் 2020-இல் மட்டும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்பின் முன் அமர்ந்திருப்பவர் பெண். அவர் இடுப்பிலோ மடியிலோ இருப்பது குழந்தை. பெரியவர்களைவிடக் குழந்தைகள் வேகமாக மூச்சு விடுபவர்கள் என்பதால், உடல் எடைக்கு ஒப்பிடும்போது அவர்கள் உள்ளிழுக்கும் நச்சும் மிகுதி. வெளியே இருக்கும் புகையை ஆண்கள் கூடிப் பேசிய காலத்தில், உள்ளே இருந்த புகையை எவரும் கணக்கெடுக்கவே இல்லை என்பது என் ஆதங்கம்.

கேள்வி: பல நாடுகளில் காற்று முன்பைவிடத் தூய்மையாகி வருகிறதே. எல்லோருக்கும் மாசு குறைந்தால் ஏழைகளுக்கும் குறையும் அல்லவா? – பொறியாளர் ஒருவர்

பதில்: குறையும், குறைந்தும் இருக்கிறது. அந்த நற்செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். தெற்குக் கலிஃபோர்னியாவில் வெவ்வேறு காலங்களில் வளர்ந்த மூன்று மாணவர் குழுக்களை ஒப்பிட்டு 2015-இல் வெளியான முடிவின்படி, காற்று தூய்மையாக ஆக, பதினைந்து வயதில் நுரையீரல் திறன் குறைந்திருந்த பிள்ளைகளின் பங்கு 7.9 சதவீதத்திலிருந்து 3.6 சதவீதமாக இறங்கியது. கட்டுப்பாடுகளை எதிர்ப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் சராசரி இறங்குவதும் ஏற்றத்தாழ்வு இறங்குவதும் வேறு வேறு. 1981 முதல் 2016 வரை அமெரிக்காவின் நுண்துகள் மாசு ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. இருந்தும், 1981-இல் மிகவும் மாசுபட்டிருந்த பகுதிகளே 2016-இலும் மிகவும் மாசுபட்டவையாக இருந்தன என்று 2020-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஏணி முழுவதும் கீழே இறங்கியது. ஏணியில் யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பது மாறவில்லை. மின்வாகனங்களைப் பற்றியும் இதே கவனம் வேண்டும். வாகனப் புகை ஓடும் தெருவிலிருந்து மறைவது பெரும் நன்மை. ஆனால் அதற்கான மின்சாரம் நிலக்கரியில் உண்டானால், புகை அனல்மின் நிலையத்தின் நிழலில் வாழ்பவர்களிடம் போய்ச் சேரும். டயரும் பிரேக்கும் தேய்வதால் எழும் துகளோ எந்த வண்டியானாலும் சாலையோரத்தில்தான் படியும். எனவே எங்கே முதலில் குறைப்பது என்று கேட்பவர்களிடம், மிகுதியாக இருக்கும் இடத்தில் முதலில் என்றே நான் சொல்வேன்.

கேள்வி: எங்கள் பகுதியில் சில இரவுகளில் கண் எரியும், தொண்டை கரகரக்கும். புகார் செய்தால், கண்காணிப்பு நிலையத்தின் அளவுகள் வரம்புக்குள் இருக்கின்றன என்று பதில் வருகிறது. நாங்கள் சொல்வதை யார் நம்புவார்கள்? – தொழிற்சாலைகளுக்கு அருகில் குடியிருக்கும் வாசகர் ஒருவர்

பதில்: கண்காணிப்பு நிலையம் தன் மேல் படும் காற்றை மட்டுமே அளக்கும். அது காற்றுக்கு எதிர்த்திசையில் இருந்தால் தங்கள் வீட்டுக்கு வரும் புகை அதைத் தொடவே தொடாது. இருபத்து நான்கு மணி நேரச் சராசரியில், நள்ளிரவில் அரைமணி நேரம் வெளியான வாயு கரைந்து காணாமல் போய்விடும். அதிகாரி பொய் சொல்லாமலே தங்கள் அனுபவம் பொய்யாக்கப்படுவது இப்படித்தான்.

லூசியானா மாநிலத்தின் நார்கோ என்ற ஊரில், ஷெல் நிறுவனத்தின் வேதித் தொழிற்சாலைக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் நடுவே டயமண்ட் என்ற கறுப்பினக் குடியிருப்பு இருந்தது. மார்ஜி ரிச்சர்டு என்ற பள்ளி ஆசிரியை அங்கே வளர்ந்தவர்; தொழிற்சாலையின் வேலி அவர் வீட்டிலிருந்து சில அடிகள்தாம். கலிஃபோர்னியாவில் 1990களின் நடுவில் உருவாகியிருந்த எளிய கருவி ஒன்றை அவர்கள் கற்றுக்கொண்டார்கள். சாதாரண பிளாஸ்டிக் வாளி. உள்ளே வேதிப்பொருளோடு வினைபுரியாத பை. வாளிக்குள்ளிருக்கும் காற்றைச் சிறு பம்பு உறிஞ்சும்போது அந்தப் பை விரிந்து வெளிக்காற்றை உள்ளிழுத்துக்கொள்ளும். வாடை வந்த அதே நிமிடத்தில் மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். "தலை வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர்களின் கையில் வேதிப்பொருளின் பெயரும் அளவும் வந்து சேர்ந்தன. 2002-இல் அக்குடியிருப்பு மக்கள் வேறிடம் போவதற்கான செலவை ஏற்க நிறுவனம் உடன்பட்டது. 2004-இல் ரிச்சர்டுக்குக் கோல்ட்மேன் சூழல் விருது கிடைத்தது.

வாளிக்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நாள், மணி, எத்தனை நிமிடம் நீடித்தது, வாடை எதைப் போன்றது, காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது, வீட்டில் யாருக்கு என்ன செய்தது என்பவற்றை ஒவ்வொரு முறையும் அப்போதே எழுதுங்கள். மறுநாள் நினைவிலிருந்து எழுத வேண்டாம். திசை தெரியாவிட்டால் கொடியில் உலரும் துணி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். வெவ்வேறு தெருக்களில் குறைந்தது பத்துக் குடும்பங்கள் ஒருவரை ஒருவர் கேட்காமல் தனித்தனியே இப்படி எழுதட்டும். வாடை இல்லாத நாட்களையும் "இல்லை" என்று குறிக்க மறவாதீர்கள், ஏனெனில் அந்த வெற்று நாட்கள்தாம் மற்ற நாட்களுக்கு வலுச் சேர்ப்பவை. மூன்று மாதம் கழித்து எல்லா நோட்டுகளையும் ஒரு மேசையில் விரித்து, ஒரே இரவு, ஒரே மணி, ஒரே திசை எத்தனை நோட்டுகளில் வருகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை முன்வைத்து, அதே மணி நேரங்களுக்கான கண்காணிப்பு நிலையத்தின் மணிவாரி அளவுகளைக் கேட்டு, சராசரி வேண்டாம் என்று குறிப்பிட்டு, அடுத்த புகாரை எழுதுங்கள். அதன் படி ஒன்றை எனக்கும் அனுப்பிவையுங்கள்.